பிரித்துப் படிக்கப்படும் கடிதம்

அனுப்புவதற்குக் காசில்லை என்ற தைரியத்தில்தான் வியாபார இ-மெயில்கள் குப்பையாகின்றன. ஆனால் வாசகரின் பொறுமை இலவசமல்ல. அதைச் செலவழித்தவர்களிடம் இப்போது கணக்குக் கேட்கப்படுகிறது.

காலையில் செல்பேசியைக் கையில் எடுக்கும் எவருக்கும் முதல் வேலை பெருக்கித் தள்ளுவதுதான். இரவில் வந்து சேர்ந்த இ-மெயில்கள் வரிசை கட்டி நிற்கும். ஒரு செருப்புக் கடை ‘இன்றே கடைசி’ என்று எச்சரிக்கிறது. போன வாரமும் அதே கடை அதையேதான் சொன்னது. என்றோ ஒரு முறை டிக்கெட் வாங்கிய பயண நிறுவனம், உங்களைக் காணாமல் தவிக்கிறோம் என்று உருகுகிறது. கடன் தேவைப்படாதவருக்குக் கடன். ஏற்கனவே இன்ஷூரன்ஸ் எடுத்தவருக்கு இன்ஷூரன்ஸ். கட்டைவிரல் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போகிறது. இரண்டு நிமிடத்தில் இருபது கடிதங்கள் காலி. ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை.

பிறகு விரல் ஓரிடத்தில் நிற்கிறது. அதுவும் ஒரு வியாபாரி அனுப்பியதுதான். கடைசியில் அவரும் எதையோ விற்கத்தான் போகிறார். வாசகருக்கு இது நன்றாகவே தெரியும். தெரிந்தும் பிரித்துப் படிக்கிறார். சில நாள் அதை மனைவிக்கோ நண்பருக்கோ அனுப்பியும் வைக்கிறார்.

தள்ளப்பட்ட இருபதுக்கும் படிக்கப்பட்ட ஒன்றுக்கும் என்ன வித்தியாசம்? மார்க்கெட்டிங் ஆசாமிகளைக் கேட்டால் தலைப்பு, நிறம், அனுப்பும் நேரம், பொத்தானின் அளவு என்று ஒரு பட்டியல் நீட்டுவார்கள். அவையெல்லாம் ஓரளவுக்கு உண்மை. ஆனால் அடிப்படை வேறு. படிக்கப்பட்ட கடிதத்தை எழுதியவர், அது யார் கைக்குப் போகிறது என்று யோசித்துவிட்டு எழுத உட்கார்ந்திருக்கிறார்.

முதல் குப்பை

இந்த நோய்க்கு வயது கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு. 1978 மே 3 அன்று, அமெரிக்காவின் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் என்ற கம்ப்யூட்டர் நிறுவனத்தின் விற்பனைப் பிரிவில் இருந்த கேரி தர்க், ஆர்ப்பாநெட் வலையில் இருந்த ஏறக்குறைய 400 பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பினார். நிறுவனத்தின் புதிய கம்ப்யூட்டர்களைக் காட்டப்போகிறோம், கலிபோர்னியாவில் இரண்டு இடங்களில் கூட்டம், வந்து பாருங்கள் என்பதுதான் விஷயம். முகவரிகள் அதற்குரிய இடத்தில் கொள்ளாமல் கடிதத்துக்குள்ளேயே வழிந்தன. திறந்தவர்கள் முதலில் பார்த்தது நீண்ட முகவரிப் பட்டியலை. கண்டனங்கள் பறந்தன. அந்த வலையை நிர்வகித்த ராணுவத் துறையினர் கடிந்துகொண்டார்கள்.

ஆனால் அந்தக் கடிதத்தால் ஒரு கோடி டாலருக்கு மேல் கம்ப்யூட்டர்கள் விற்றதாக தர்க் பின்னாளில் சொல்லி வந்தார். வணிக உலகம் கண்டனத்தை மறந்துவிட்டு விற்பனையை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டது. நானூறு பேருக்கு அனுப்பவும் நான்கு லட்சம் பேருக்கு அனுப்பவும் ஏறக்குறைய ஒரே செலவு என்றால், யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம் என்று பிரிக்க எதற்காக மெனக்கெட வேண்டும்?

தபாலில் விளம்பரம் போன காலத்தில் இந்தச் சோம்பேறித்தனம் கட்டுப்படியாகாது. தாள், அச்சு, உறை, தபால்தலை என்று ஒவ்வொரு கடிதத்துக்கும் காசு கொடுக்க வேண்டும். பதில் வராத கடிதம் அடுத்த மாதமே நிறுத்தப்படும். அந்த நெருக்கடியில்தான் நல்ல எழுத்து பிறந்தது. ‘வால் ஸ்ட்ரீட் ஜர்னல்’ நாளிதழுக்குச் சந்தா சேர்க்க மார்ட்டின் கான்ராய் என்பவர் எழுதிய இரண்டு பக்கக் கடிதம் இதற்குப் பெயர்பெற்ற உதாரணம். 1975இல் போகத் தொடங்கிய அது, சிறு மாற்றங்களோடு 2003 வரை 28 ஆண்டுகள் அனுப்பப்பட்டது. ஒரே கல்லூரியில் படித்துத் தேறிய இருவர் 25 ஆண்டு கழித்துச் சந்திக்கிறார்கள். எல்லாவற்றிலும் ஒத்திருந்தவர்களில் ஒருவர் நிறுவனத் தலைவர், இன்னொருவர் அதே நிறுவனத்தில் சின்ன அதிகாரி. ஏன்? இந்தக் கேள்வியோடு கதை தொடங்குகிறது. தள்ளுபடி என்ற பேச்சோ ஆச்சரியக்குறியோ இல்லாமல் வாசகர் தானாகவே இரண்டாவது பத்திக்குப் போய்விடுவார். அந்தக் கடிதம் சுமார் 200 கோடி டாலர் சந்தா கொண்டு வந்ததாக விளம்பர உலகில் ஒரு கணக்கு உண்டு.

இரண்டு சகோதரிகள்

யாருக்கு எழுதுகிறோம் என்ற கேள்விக்கு எளிய வழி சொன்னவர் வாரன் பஃபெட். தன் பெர்க்ஷயர் ஹாத்தவே நிறுவனத்தின் பங்குதாரர்களுக்கு அவர் ஆண்டுதோறும் எழுதிவந்த கடிதத்தை, ஒரு பங்குகூட வைத்திராதவர்களும் காத்திருந்து படித்தார்கள். எளிய நடையில் எழுதுவது பற்றி அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் 1998இல் வெளியிட்ட கையேட்டின் முன்னுரையில் அவர் தன் ரகசியத்தைச் சொன்னார். டோரிஸ், பெர்ட்டி என்ற தன் இரு சகோதரிகளுக்கு எழுதுவதாக நினைத்துக்கொள்வாராம். இருவரும் புத்திசாலிகள், ஆனால் கணக்கியல் நிபுணர்கள் அல்ல. எழுதி முடித்ததும் பெயரை மட்டும் மாற்றிவிட்டால் வேலை முடிந்தது. 2025 நவம்பரில், இனி ஆண்டறிக்கைக் கடிதத்தை எழுதப்போவதில்லை என்று அவர் அறிவித்தபோது உலகமெங்கும் அது செய்தியானது. ஒரு நிறுவனத்தின் சுற்றறிக்கை நின்றதற்கு ஊர் வருந்தியது என்றால் அது சாதாரண விஷயமல்ல.

இந்தியாவில் இந்தப் பாடத்தை இ-மெயிலுக்கு வெகு முன்பே கற்றுவைத்திருந்தது அமுல். 1966இல் பம்பாயில் சில்வெஸ்டர் டகுன்ஹா தொடங்கிவைத்த புள்ளிப் பாவாடைச் சிறுமியின் விளம்பரப் பலகைகளை மக்கள் நின்று பார்த்தார்கள். அதில் எப்போதும் புதிதாக ஒன்று இருந்தது. கிரிக்கெட் தோல்வியோ, புதுப் படமோ, பட்ஜெட்டோ, அந்த நாளில் ஊரே பேசிய ஒன்றைப் பற்றிய குறும்பு. வெண்ணெய்க்கு மூலையில் ஒரு வரிதான். வெண்ணெயின் விலையைச் சொல்லிக்கொண்டே இருந்திருந்தால் இத்தனை ஆண்டுகள் யார் அண்ணாந்து பார்த்திருப்பார்கள்?

அதே குணம் இ-மெயிலில் வெளிப்பட்ட அண்மைக்கால உதாரணம், பெங்களூரிலிருந்து வரும் ‘ஃபின்ஷாட்ஸ்’ செய்திமடல். பொருளாதாரத்தில் ஒரே ஒரு விஷயம், மூன்று நிமிடத்தில் படித்து முடிக்கும் அளவு, நிதித்துறைக்கு வெளியே இருப்பவருக்கும் புரியும் ஆங்கிலம். அவ்வளவுதான் வாக்குறுதி. அதை நடத்துகிற குழுவே பின்னர் ‘டிட்டோ’ என்ற பெயரில் இன்ஷூரன்ஸ் ஆலோசனைத் தொழிலைத் தொடங்கியது. செய்திமடலின் அடியில் சில வரிகளில் அந்தத் தொழிலுக்கான அழைப்பு இருக்கும். இன்ஷூரன்ஸ் என்ற சொல்லைக் கேட்டாலே போனை வைத்துவிடும் நாட்டில், இன்ஷூரன்ஸ் விற்பவரின் கடிதத்துக்கு வாசகர்கள் கிடைத்திருக்கிறார்கள். கொடுப்பது முதலில், கேட்பது பிறகு என்ற வரிசை மாறாததே இதற்குக் காரணம்.

விலையேற்றக் கடிதம்

இதெல்லாம் பெரிய நிறுவனங்களுக்குச் சரி, சின்னக் கடைக்காரர் என்ன எழுதுவார் என்று கேட்கலாம். உண்மையில் அவரிடம்தான் எழுத விஷயம் அதிகம். கற்பனையாக ஒரு காப்பி வியாபாரியை எடுத்துக்கொள்வோம். குடகில் சிறு தோட்டம். வறுத்து அரைத்த பொடியைத் தில்லி, மும்பை, புனே என்று கூரியரில் அனுப்புகிறார். இரண்டாயிரம் வாடிக்கையாளர்களின் முகவரி அவரிடம் இருக்கிறது. 2024இல் வியட்நாமின் வறட்சியால் உலகச் சந்தையில் ரொபஸ்டா விலை தாறுமாறாக ஏறியது. அவரும் கிலோவுக்கு விலையைக் கூட்டியாக வேண்டும்.

வழக்கமான வியாபார இ-மெயில் இப்படித்தான் இருக்கும்: ‘அன்பார்ந்த வாடிக்கையாளரே! சந்தைச் சூழலைக் கருத்தில் கொண்டு எமது விலைப்பட்டியல் மாற்றியமைக்கப்படுகிறது. பழைய விலையில் வாங்க இதுவே இறுதி வாய்ப்பு! உடனே முந்துங்கள்!’

இந்தக் கடிதத்தில் எவ்வளவு ஏறுகிறது என்பது இல்லை. ஏன் என்பது இல்லை. பயமுறுத்தல் மட்டும் இருக்கிறது. பயந்துபோய் ஒருவர் மூன்று கிலோ பொடியை வாங்கி அடுக்கினால், மூன்றாம் மாதம் அவர் குடிப்பது மணம்போன காப்பி. அவர் குறை சொல்லப்போவது விலையை அல்ல, கடையை.

அதே விஷயத்தை இப்படியும் எழுதலாம்: ‘வருகிற 1ஆம் தேதி முதல் பொடி விலை கிலோவுக்கு 80 ரூபாய் கூடுகிறது. வியட்நாமில் மழை பொய்த்ததால் ரொபஸ்டா கொட்டையின் விலை உலகம் முழுவதும் ஏறிவிட்டது. இங்கே கூலியும் உரமும் ஏறியிருக்கின்றன. பழைய விலையில் கிடைக்கிறதே என்று அதிகமாக வாங்கி வைக்காதீர்கள். அரைத்த பொடி இரண்டு வாரத்துக்கு மேல் மணம் குறையும். மாதச் செலவைக் கட்டுக்குள் வைக்க விரும்பினால் சிக்கரியைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். 80க்கு 20 வாங்குபவர்கள் 70க்கு 30 கேட்டுப் பாருங்கள். கால் கிலோ மாதிரி அனுப்புகிறோம். பிடிக்காவிட்டால் பழைய கலவைக்கே திரும்பலாம். ஏதாவது கேட்க வேண்டுமானால் இந்தக் கடிதத்துக்கே பதில் எழுதுங்கள்.’

இரண்டாவது கடிதம் கொஞ்சம் நீளம். ஆனாலும் அதைத்தான் படிப்பார்கள். ‘எவ்வளவு’ என்ற முதல் கேள்விக்கு முதல் வரியிலேயே விடை இருக்கிறது. காரணம் இருக்கிறது. தன் விற்பனைக்கு எதிராகவே ஒரு அறிவுரை இருக்கிறது. அதிகம் வாங்காதே என்று சொல்லும் வியாபாரியை, அடுத்த முறை வாங்கு என்று சொல்லும்போதும் நம்புவார்கள். கடைசி வரிக்கும் மதிப்பு அதிகம். ‘இந்த முகவரிக்குப் பதில் அனுப்ப வேண்டாம்’ என்ற வாசகத்தோடு முடிகிற கடிதம், பேசிவிட்டுக் காதைப் பொத்திக்கொள்கிறது. வாடிக்கையாளர் எழுதும் பதில்களில்தான் அடுத்த கடிதத்துக்கான விஷயம் இருக்கும்.

விலை ஏறாத மாதங்களில் என்ன எழுதுவது? மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழை பெய்தால் பத்து நாளுக்குள் காப்பிச் செடிகள் வெள்ளையாகப் பூத்துவிடும். தோட்டமே மல்லிகை போல் மணக்கும். சில நாளில் எல்லாம் உதிர்ந்துவிடும். அந்த மழை சரியாகப் பெய்ததா என்பதுதான் அடுத்த ஆண்டு விளைச்சலின் தலைவிதி. தாராவியிலோ கரோல் பாக்கிலோ டவரா டம்ளரோடு உட்கார்ந்திருப்பவருக்கு இது தெரியாது. தெரிந்தால் அந்தக் காப்பிக்கு இன்னொரு ருசி வரும். இதை ஒரு படத்தோடு ஐந்து வரியில் எழுத முடியும். எழுத விஷயமே இல்லாத மாதத்தில் எழுதாமல் இருந்துவிடலாம். யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

தலைப்பு என்ற வாசற்படி

தலைப்பு முக்கியமில்லை என்று சொல்ல முடியாது. செல்பேசித் திரையில் தமிழில் நான்கைந்து சொற்கள்தான் தெரியும். உள்ளே இருப்பதை அந்த நான்கைந்து சொற்கள் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ‘முக்கிய அறிவிப்பு’ என்றால் யாருக்கு முக்கியம்? ‘1ஆம் தேதி முதல் காப்பி விலை’ என்றால் பிரிப்பார்கள்.

2012 அமெரிக்க அதிபர் தேர்தலில் பராக் ஒபாமாவின் பிரச்சாரக் குழு இதை விஞ்ஞானமாகவே செய்தது. ஒரு கடிதத்துக்குப் பதினெட்டு வடிவங்கள் வரை எழுதி, சிறு குழுக்களுக்கு அனுப்பிப் பார்த்து, அதிகம் வசூலித்ததை மட்டும் எல்லோருக்கும் அனுப்பினார்கள். எதிர்த்தரப்பு தன்னைவிட அதிகம் செலவழிக்கப்போகிறது என்று ஒபாமாவே ஒப்புக்கொள்வது போன்ற தலைப்பு ஒரே கடிதத்தில் 26 லட்சம் டாலருக்கு மேல் திரட்டியது. அதே கடிதத்தின் மிக மோசமான தலைப்புக்குச் சோதனையில் கிடைத்த மதிப்பீடு சுமார் 4 லட்சம். நண்பர் ஒருவர் கூப்பிடுவது போன்ற ‘ஹே’ என்ற ஒற்றைச் சொல்லும் அமோகமாக வசூலித்தது. எது வெல்லும் என்று அலுவலகத்தில் இருந்த நிபுணர்கள் போட்ட கணக்கு பெரும்பாலும் தப்பியது.

ஆனால் இந்த வித்தையை எல்லோரும் காப்பியடித்தபோது என்ன ஆனது என்பதையும் பார்க்க வேண்டும். அந்நியரெல்லாம் தோளில் கை போட ஆரம்பித்தார்கள். கெடு இல்லாதபோதும் கெடு என்றார்கள். ‘உங்கள் ஆர்டர் குறித்து’ என்று தலைப்பிட்டு உள்ளே தள்ளுபடிச் சீட்டு வைத்தார்கள். இப்படி ஏமாந்தவர் அன்று ஒரு முறை பிரித்திருப்பார். புலி வருது கதைதான். அடுத்த முறை ஆர்டரிலேயே உண்மையில் சிக்கல் என்றாலும் பிரிக்கமாட்டார்.

எத்தனை பேர் திறந்தார்கள் என்ற எண்ணிக்கையையும் இனி முழுதாக நம்ப முடியாது. 2021 செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனம் தன் மெயில் செயலியில் கொண்டுவந்த பாதுகாப்பு வசதி, கடிதத்தில் உள்ள படங்களை முன்கூட்டியே இறக்கிவிடுகிறது. வாசகர் தொடாத கடிதமும் திறந்த கணக்கில் சேரலாம். பதில் எழுதியவர்கள், வாங்கியவர்கள், விலகியவர்கள் என்ற மூன்று எண்கள்தான் கொஞ்சமாவது உண்மை பேசும்.

ஆயிரத்தில் மூன்று

இதுவரை இது ரசனை சம்பந்தப்பட்ட விஷயமாக இருந்தது. 2024 பிப்ரவரி முதல் பிழைப்பு சம்பந்தப்பட்டதாகிவிட்டது. ஜிமெயிலும் யாஹூவும் மொத்தமாகக் கடிதம் அனுப்புபவர்களுக்கு அப்போது புதிய விதிகளைக் கொண்டுவந்தன. ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளில் 5,000 அல்லது அதற்கு மேல் அனுப்பும் நிறுவனம், கடிதம் தன்னுடையதுதான் என்பதற்குத் தொழில்நுட்ப அத்தாட்சி காட்ட வேண்டும். விளம்பரக் கடிதத்திலிருந்து ஒரே தட்டலில் விலக வழி வைக்க வேண்டும். விலகியவரின் விருப்பத்தை இரண்டு நாளில் நிறைவேற்ற வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ‘இது ஸ்பேம்’ என்று புகார் செய்பவர்களின் விகிதம் 0.3 சதவீதத்தை எட்டக் கூடாது.

ஆயிரத்தில் மூன்று பேர். எரிச்சலில் ஒரு பொத்தானை அழுத்த அவர்களுக்கு ஒரு நொடி போதும். அதன் விளைவு விளம்பரத்தோடு நிற்காது. ஒரே முகவரியிலிருந்து பில், டெலிவரித் தகவல், பாஸ்வேர்டு என்று எல்லாவற்றையும் அனுப்பும் நிறுவனமாக இருந்தால் அவையும் குப்பைக் கூடைக்குப் போகும் அபாயம் உண்டு. பணம் கட்டியவருக்கு ரசீது போய்ச் சேரவில்லை என்றால் கடையின் பெயர் என்ன ஆகும்? விலகும் வழியை ஆறாம் நம்பர் எழுத்தில் அடியில் ஒளித்துவைக்கும் பழைய தந்திரம் இப்போது அனுப்புபவரையே கடிக்கிறது. கதவு தெரியாதவர் ஜன்னலை உடைத்துக்கொண்டு வெளியேறுவார். அந்த ஜன்னல்தான் ஸ்பேம் பொத்தான்.

இந்தியச் சட்டமும் இதே திசையில்தான் நகர்கிறது. விளம்பர எஸ்.எம்.எஸ்.ஸுக்கும் அழைப்புகளுக்கும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகள் இருக்கின்றன. இ-மெயில் அதில் அடங்காது. ஆனால் 2023இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவரின் விவரங்களைப் பயன்படுத்தத் தெளிவான சம்மதம் வேண்டும் என்கிறது. சம்மதம் தருவது எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்கிறது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்களுக்கான முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டது. கண்காட்சியில் பரிசுக் குலுக்கலுக்கு எழுதிக்கொடுத்த முகவரியை விளம்பரப் பட்டியலில் சேர்ப்பது, யாரோ விற்ற பட்டியலை வாங்கி அனுப்புவது போன்ற பழக்கங்களுக்கு இனி அதிக நாள் ஆயுள் இல்லை.

சிறு வியாபாரிக்கு இதில் நல்ல செய்தியும் இருக்கிறது. பெரிய விற்பனைத் தளங்களில் கடை விரித்திருப்பவருக்கு வாடிக்கையாளர் யாரென்றே பெரும்பாலும் தெரியாது. தளம் கமிஷனை ஏற்றினால் ஏற்றியதுதான், பட்டியலில் கீழே தள்ளினால் தள்ளியதுதான். விரும்பிக் கொடுக்கப்பட்ட இரண்டாயிரம் முகவரிகள் அவருக்குச் சொந்தச் சொத்து. நடுவில் தரகர் இல்லை. அந்தச் சொத்தை ஒரே தீபாவளி வாரத்தில் ஏழு கடிதம் அனுப்பிக் கரைக்கலாம். மாதம் ஒன்று அனுப்பிப் பல ஆண்டு வைத்துக்கொள்ளவும் செய்யலாம்.

ஒரு கடிதம் எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள நிபுணர் தேவையில்லை. அனுப்புவதற்கு முன்னால், அதைப் பெறப்போகும் ஒருவரை மனதில் நிறுத்தி உரக்கப் படித்துப் பார்த்தால் போதும். நேரில் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லக் கூசும் வாக்கியங்களை அடித்துவிட வேண்டும். மிஞ்சுவதில் அவருக்கு உபயோகமான ஒன்று இருந்தால் அனுப்பலாம். அந்தக் குடகு வியாபாரிக்கு ஒரு மாதம் காய்ச்சல் வந்து கடிதம் போகாமல் இருக்கட்டும். ‘என்ன, இந்த மாதம் கடிதத்தைக் காணோமே?’ என்று கரோல் பாக்கிலிருந்து ஒருவர் எழுதிக் கேட்டால், அவருடைய வியாபாரத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.